சுவாச முகக்கவசத்தின் தலைப்பட்டை குறித்த புகார்க் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் முகக்கவசத்தைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சுவாச முகக்கவசத் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: முழுமுகச் சுவாசக் கவசத்தின் தலைப்பட்டையில் உள்ள வடிவமைப்புக் குறைகள், பட்டையைத் தனியாக விற்க மறுப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்க்காக, மருத்துவரின் பரிந்துரைப்படி நான் இரவுதோறும் சி-பேப் கருவி (மூச்சுப் பாதை அடைபடாதபடி முகக்கவசம் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் கருவி) பயன்படுத்தி வருகிறேன். கருவியைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. முகத்தில் பொருந்தும் சிலிக்கான் குஷனைப் பற்றியும் இல்லை. என் புகார் முழுவதும் அந்தக் குஷனைத் தலையோடு சேர்த்துப் பிடிக்கும் பட்டையைப் பற்றியது. தங்கள் சேவை எண்ணில் பேசியவர், "பட்டை தேய்மானப் பொருள் மேடம், அதற்கு வாரண்டி கிடையாது, தனியாகவும் வராது, முழு மாஸ்க்கையே புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டதால், இதை எழுத்தில் வைக்கிறேன். நான் பெண்களுக்கான தையற்கடை நடத்தி வருபவள். எலாஸ்டிக், நாடா, வெல்க்ரோ, ஓரத் தையல் ஆகியவற்றோடுதான் என் பொழுது கழிகிறது என்பதால், இக்கடிதத்தை விவரம் தெரியாத நோயாளியின் முணுமுணுப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தச் சிகிச்சையை 1981இல் உலகுக்கு அறிவித்தவர் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன். அந்தத் தொடக்க காலத்தில் நோயாளியின் மூக்குக்கு அச்செடுத்துக் கவசம் செய்து, அதை ஒவ்வோர் இரவும் பசை தடவி ஒட்டினார்கள் என்று படித்திருக்கிறேன். அன்று பசை பார்த்த வேலையை இன்று பட்டை பார்க்கிறது. அது எவ்வளவு பெரிய வேலை என்பதை அறிய, குஷனை வரைபடத் தாளின் மேல் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடிழுத்துக் கட்டங்களை எண்ணிப் பார்த்தேன். பரப்பு சுமார் 75 சதுர சென்டிமீட்டர் வந்தது. என் கருவி தேவைக்கேற்ப 7 முதல் 12 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை தானாகவே ஏறி இறங்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. ஒரு சென்டிமீட்டர் நீர் அழுத்தம் என்பது ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் ஒரு கிராம் எடை. ஆகவே 7இல் இருக்கும்போது காற்று அந்தக் குஷனை 525 கிராம் எடைக்குச் சமமான விசையோடு முகத்திலிருந்து வெளியே தள்ளுகிறது. 12க்கு ஏறும்போது அதுவே 900 கிராம் ஆகிறது. ஏறக்குறைய ஒரு கிலோவை விடியும்வரை இழுத்துப் பிடித்திருக்கும் பொருளைத்தான் தங்கள் ஊழியர் தேய்மானப் பொருள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார்.

குறையின் வேர் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. பின்தலையில் அமரும் ஒரு துண்டும், அதிலிருந்து கவசத்துக்கு வரும் மேல், கீழ்ப்பட்டைகள் நான்குமாக உள்ள தங்கள் பட்டை, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே மாதிரி இழுபடும் துணியால் ஆனது. நடுவில் ஸ்பாஞ்சு, இரு பக்கமும் ஸ்பான்டெக்ஸ் கலந்த நைலான். அழுத்தம் குறைவாக இருக்கும்போது சரியாக அமர்ந்திருக்கும் கவசம், நள்ளிரவுக்கு மேல் அழுத்தம் ஏறியதும் பட்டை நீளுவதால் முகத்தைவிட்டு நூலளவு எழும்புகிறது. அந்த நூலளவு போதும். மூக்குத் தண்டின் இரு பக்கமும் காற்று பீறிட்டுக் கண்ணுக்குள் அடிக்கிறது, காலையில் கண் சிவந்து எரிகிறது. இதைத் தவிர்க்க ஒரே வழி, உச்ச அழுத்தத்துக்குத் தாங்கும்படி முன்கூட்டியே இறுக்கிக் கட்டிக்கொள்வதுதான். அப்படிக் கட்டினால் அழுத்தம் குறைவாக இருக்கும் மீதி நேரமெல்லாம் அந்த அதிகப்படியான இறுக்கம் மூக்குத் தண்டின் மேல் இறங்குகிறது. பாவாடைக்கு இடுப்புப்பட்டி வைக்கும் எந்தத் தையற்காரரும் எங்கே எலாஸ்டிக் வேண்டும், எங்கே இழுபடாத பட்டி வேண்டும் என்று பிரித்துத்தான் வைப்பார். தங்கள் பட்டையில் அந்தப் பிரிவினையே இல்லை. பின்தலையில் அமரும் பகுதியிலும் கீழ்ப்பட்டைகளிலும் ஸ்பாஞ்சுக்குள் இழுபடாத நாடா ஒன்றை வைத்துத் தைத்து, கன்னத்தையொட்டி ஓரிரு அங்குலம் மட்டும் இழுபட விட்டிருந்தால், பக்கவாட்டில் திரும்பிப் படுக்கும்போது கவசம் அசைந்து கொடுக்கும். அழுத்தம் ஏறும்போது முகத்தை விட்டு விலகாது.

கையேட்டில் "இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக" என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஓர் ஆணின் படத்தையும் போட்டிருக்கிறீர்கள். படுத்ததும் கன்னத்துச் சதை இடம் மாறுகிறது, தாடை பின்னுக்குப் போகிறது. உட்கார்ந்தபடி சரிசெய்த பட்டை படுக்கையில் சரியாக இருப்பதில்லை. கருவியை ஓடவிட்டு, படுத்த நிலையில், சிகிச்சைக்கான அழுத்தத்தில் பட்டையைச் சரிசெய்ய வேண்டும் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் மருத்துவமனைச் செவிலியர். தங்கள் கையேட்டில் அது ஒரு வரியாகக்கூட இல்லை.

இறுக்கத்தின் விளைவாக மூக்குத் தண்டில் புண் வந்தது. எலும்பின் மேல் தோல் மட்டுமே போர்த்தியிருக்கும் இடம் அது; அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ள அங்கே சதையும் இல்லை, கொழுப்பும் இல்லை. "தோல் சிவந்தால் பயன்பாட்டை நிறுத்தி மருத்துவரை அணுகவும்" என்கிறது கையேடு. என்னைப் போன்ற மாநிறத்தவர்களுக்கும் கறுத்த மேனியருக்கும் அந்தச் சிவப்பு ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாக இருப்பது, தொட்டால் வலிப்பது, தோல் கெட்டிப்பட்டிருப்பது ஆகியவையே முதல் அறிகுறிகள் என்று மருத்துவர் விளக்கினார். இந்தியாவில் விற்கும் பொருளின் எச்சரிக்கையை இந்தியத் தோலுக்கு ஏற்ப எழுதுவது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குஷனைச் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவில் தருகிறீர்கள். பட்டையோ எல்லோருக்கும் ஒன்றுதான். என் தலை சிறியது. நான்கு பட்டைகளையும் முழுவதுமாக இழுத்து மடித்தால், வெல்க்ரோவின் முள் பக்கம் பட்டையைத் தாண்டிப் பின்தலைத் துண்டின் மேல் ஏறி, முடியைப் பற்றிக்கொள்கிறது. காலையில் கவசத்தைக் கழற்றும்போது முடியும் கொத்தாக வருகிறது. பின்தலைத் துண்டின் வடிவமோ இன்னும் மோசம். கீழ்ப்பட்டைகள் இழுக்கும் விசை முழுவதும் மண்டையின் பின்மேட்டுக்குக் கீழே, பிடரியில் பதிய வேண்டும். அங்கே பதியாவிட்டால் துண்டு மேலே வழுக்கிவிடும். நம் ஊர்ப் பெண்களுக்குக் கொண்டை இருக்கும் இடமும் அதுவே. முடியைப் பின்னி முன்னால் போட்டுக்கொண்டு படுத்தாலும், பின்னல் புறப்படும் இடத்தில் உள்ள புடைப்பு அந்தத் துண்டை மெல்ல மெல்ல உச்சிக்குத் தள்ளிவிடுகிறது. நடுவில் முடி வெளியே வர வழிவிட்டு, உச்சியில் குறுக்காக ஒரு சிறு பட்டையும் கொடுத்திருந்தால் இது நேராது. மூக்குத்தியால் தொந்தரவு வருமோ என்றுதான் நான் முதலில் பயந்தேன். அது குஷனுக்குள் அடங்கிவிட்டது. தொல்லை கொடுப்பது தோடு. கீழ்ப்பட்டை காது மடலை உரசிக்கொண்டே போவதால், தோட்டின் திருகாணி காதின் பின்பக்கம் இரவு முழுவதும் குத்துகிறது. ஒரு விரல் அகலம் கீழே இறக்கி வெட்டினால் தீரும் பிரச்சினை இது.

பட்டையின் ஓரங்கள் வெட்டிய வெட்டோடு விடப்பட்டிருக்கின்றன. சில மாதத் துவையலுக்குப் பிறகு துணியும் ஸ்பாஞ்சும் ஓரத்தில் ஒன்றைவிட்டொன்று பிரிந்து, உள்ளிருக்கும் ஸ்பாஞ்சு பொடிப்பொடியாக உதிர்கிறது. பட்டையின் மேல்துணியே வெல்க்ரோவின் மென்பக்கமாகவும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அதன் இழைச் சுருள்கள் படிந்துவிட்டால் முள் பக்கம் எதைப் பற்றும்? இப்போது இடப்பக்கக் கீழ்ப்பட்டை, திரும்பிப் படுத்தாலே தானாகக் கழன்றுகொள்கிறது. வாரம் ஒரு முறை வெதுவெதுப்பான நீரில் கையால் துவைத்து, வெயில் படாமல் நிழலில் உலர்த்தச் சொல்கிறீர்கள். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் பிடரி வியர்வைக்கு வாரம் ஒரு துவையல் காணாது. ஐப்பசி, கார்த்திகை மழையிலோ, கடலையொட்டிய எங்கள் ஊரில் நிழலில் போட்ட ஸ்பாஞ்சுப் பட்டை மறுநாளும் ஈரமாகவே கிடக்கும். இரவுதோறும் அணிய வேண்டிய பொருளுக்குப் பெட்டியில் ஒரே ஒரு பட்டையை வைத்துவிட்டு, அதைத் துவைத்துக் காயவைக்கும் பொறுப்பை மட்டும் எங்கள் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

கீழ்ப்பட்டைகளின் கொக்கி மற்றொரு குறை. வெல்க்ரோவைத் தொடாமல் கவசத்தைக் கழற்றி மாட்டத்தான் அந்தக் கொக்கி. ஆனால் அது அவ்வளவு கடினமாக இருப்பதால் ஒரு கையால் கழலுவதில்லை. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த இரவில் மின்சாரம் நின்று கருவியும் நின்றபோது, இருட்டில் அந்தக் கொக்கியோடு போராடி முடியாமல், வெல்க்ரோவைப் பிய்த்துத்தான் கவசத்தை அகற்றினேன். கருவி நின்றாலும் வெளிக்காற்று உள்ளே வர வால்வு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தூக்கக் கலக்கத்தில் மூச்சு முட்டுவதுபோல் விழிக்கும் ஒருவருக்கு அந்த ஞானம் உதவாது.

இதைச் சொன்னபோது தங்கள் ஊழியர், காந்தக் கொக்கி வைத்த வேறொரு வகையை வாங்கச் சொன்னார். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை. என் கணவருக்கு இருக்கிறது. அவர் படுப்பது என் பக்கத்தில். காந்தம் வைத்த முகக்கவசங்கள் அணிபவருக்கு மட்டுமல்லாமல், அருகில் படுப்பவரின் உடலுக்குள் இருக்கும் கருவிகளையும் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. தாங்களே விற்கும் பொருளைப் பற்றிய இந்த ஒரு கேள்வியைக் கேட்கக்கூடத் தங்கள் ஊழியர்களுக்குப் பயிற்சி தரப்படவில்லை என்பதை, இக்கடிதத்தில் உள்ள எல்லாக் குறைகளையும்விடக் கடுமையானதாகக் கருதுகிறேன்.

நான் கோருவது பெரிய இழப்பீடு அன்று. என் தலையளவுக்கு ஏற்ற சிறிய பட்டைகள் இரண்டைக் கட்டணமின்றி அனுப்ப வேண்டும். சிறிய அளவு தங்களிடம் இல்லையென்றால், முகக்கவசத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அதன் விலையைத் தர வேண்டும். பட்டையை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் தனியாக, குறைந்தது இரண்டு அளவுகளில் விற்க வேண்டும். படுத்த நிலையில் சரிசெய்யும் முறையையும், சிவப்பு தெரியாத தோலில் புண்ணை முன்கூட்டி அறியும் விதத்தையும், ஈர மாதங்களில் உலர்த்தும் வழியையும் சேர்த்துக் கையேட்டைத் தமிழிலும் தர வேண்டும். காந்தக் கொக்கி வகையைப் பரிந்துரைக்கும் முன் பேஸ்மேக்கர் குறித்துக் கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும். இழுபடாத நாடா, கொண்டைக்கு வழி, காதுக்குக் கீழே இறங்கிய வெட்டு ஆகியவற்றைக் காட்டும் காகித மாதிரி ஒன்றை நானே வெட்டி இத்துடன் இணைத்திருக்கிறேன். தங்கள் வடிவமைப்பாளர்கள் அதை இலவசமாகவே பயன்படுத்திக்கொள்ளலாம்.

உற்பத்திக் குறை மட்டுமல்லாமல், வடிவமைப்புக் குறைக்கும் போதிய அறிவுறுத்தல் தராமைக்கும் தயாரிப்பாளரே பொறுப்பு என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவு கூறுவதைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். இக்கடிதம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். மூக்குத் தண்டுப் புண்ணைப் பற்றி, மருத்துவக் கருவிகளால் நேரும் பாதிப்புகளைக் கண்காணிக்க 2015 முதல் நடைபெற்று வரும் தேசியத் திட்டத்துக்கு மருத்துவர் மூலம் தெரிவிக்க இருக்கிறேன். தங்கள் பதில் எப்படி அமைந்தாலும் அது நடக்கும்.

விலைச் சீட்டு, மருத்துவர் குறிப்பு, புண்ணின் புகைப்படம் ஆகியவற்றின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன. பிரிந்துபோன பட்டையைக் கூரியரில் அனுப்பவில்லை. அதைப் பார்வையிட விரும்பினால், ஞாயிறு தவிர எந்த நாளிலும் கடைக்கு ஆள் அனுப்புங்கள். காட்டுகிறேன், ஆனால் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் கையில் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.