அண்ணே என்று கூப்பிட்டால்

சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, ஜூன் மாதப் பள்ளி விடுமுறை. காலை பத்து மணிக்கே பிள்ளைகள் எங்கள் இளையர் நிலையத்துக்கு வந்துவிடுகிறார்கள். கடைசிப் பையனை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டும்போது இரவு ஒன்பதரை. முட்டிவலி பரவாயில்லை. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது தமிழ் முரசில் பொடி எழுத்து விளம்பரத்தைக்கூட விடாமல் படித்து எனக்கும் வாசித்துக் காட்டுகிறார்.

ஈப்போவில் பிள்ளைகளுக்கு மாலை நேர நிலையம் தொடங்கப்போகிறாய் என்று படித்ததும், சரி, இவனும் மாட்டிக்கொண்டான் என்று சிரித்துக்கொண்டேன். ஆறு தொண்டூழியர்கள், எல்லாருக்கும் இருபது, இருபத்திரண்டு வயது. அவர்களுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்டிருக்கிறாய். பட்டியலுக்கா பஞ்சம்? இங்கே சமூகச் சேவைத் துறைக்கென்று, எந்த வேலைக்கு என்ன திறன் வேண்டும் என்று சொல்லும் ஒரு திறன் கட்டமைப்பு இருக்கிறது. அதில் இளையர் பணிக்குத் தனிப் பாதையே போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் பள்ளி முடிந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களுக்கு ஒரு தேசியச் சங்கம் உண்டு. அது 2011ல் வெளியிட்ட பட்டியலும் என்னிடம் இருக்கிறது. பிள்ளை வளர்ச்சி, கவனித்து மதிப்பிடுவது, பாதுகாப்பு, குடும்பத்தோடும் பள்ளியோடும் உறவு, பிறர் பண்பாட்டைப் புரிந்துகொள்வது என்று மொத்தம் பத்துத் தலைப்பு. இரண்டையும் அனுப்புகிறேன். ஏட்டுச் சுரைக்காய் என்று நான் தள்ளமாட்டேன். எதை மறந்தோம் என்று பார்க்க அந்தப் பட்டியல் வேண்டும். ஆனால் அதைக் கையில் கொடுத்துவிட்டால் ஆள் தயார் என்று நினைத்துவிடாதே. நான் அப்படி நினைத்துத்தான் பட்டேன்.

போன வருஷம் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தார். டிப்ளோமா, நல்ல மதிப்பெண், ஒரு கோப்பு நிறைய பயிற்சிச் சான்றிதழ். இரண்டாவது மாதம் ஒரு நாள் மாலை, உயர்நிலை மூன்றில் படிக்கும் பிள்ளை ஒன்று, கேரம் ஆட்டம் முடிந்து மற்றவர்கள் போன பிறகும் காய்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டே நின்றது. பத்தொன்பது காயைப் பையில் போட எவ்வளவு நேரம் ஆகும்? அது கால் மணி நேரம் போட்டது. நம் ஊழியர் அதைக் கவனித்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அதுவரைக்கும் பிரமாதம். “அக்கா, ஒண்ணு சொல்லுவேன், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்றது பிள்ளை. இவர் கையைப் பிடித்துக்கொண்டு “சத்தியமா சொல்லமாட்டேன்மா” என்றுவிட்டார்.

பிள்ளை சொன்னது இங்கே எழுதக்கூடிய விஷயம் இல்லை. மேலே சொல்லியே ஆகவேண்டிய விஷயம். சொன்னோம். பிள்ளை இப்போது பத்திரமாக இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் வருவதே இல்லை. “அக்கா பொய் சொல்லிட்டாங்க” என்று தோழியிடம் சொன்னதாம்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரகசியம் காப்பது பற்றி அவர் ஒரு நாள் முழுக்கப் பாடம் கேட்டவர், தேர்விலும் சரியாக எழுதியவர். ஆனால் எதிரே ஒரு பிள்ளை கண் கலங்கி நிற்கும்போது வாயில் வரவேண்டிய வாக்கியத்தை யாரும் அவரைச் சொல்லவைத்துப் பார்த்ததில்லை. அந்த ‘யாரும்’ நான்தான். அவரை வேலைக்கு எடுத்தவனும் நான், பழக்க வேண்டியவனும் நான்.

இப்போது சனிக்கிழமை காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்னால், இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு உட்காருகிறோம். ஒருவர் பிள்ளை, ஒருவர் ஊழியர். “நீ சொல்றதைக் கவனமா கேக்குறேன். உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் இன்னொருத்தர்கிட்ட சொல்லவேண்டி வரும். அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.” இவ்வளவுதான் வாக்கியம். முதல் தடவை சொல்லும்போது எல்லாருக்கும் போலீஸ்காரர் அறிவிப்பு மாதிரிதான் வருகிறது. பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு அவரவர் குரலில் வருகிறது. இன்னொரு கேள்வியும் பழகுகிறோம்: “செத்துப்போயிடலாம்னு நினைக்கிறியா?” நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று இளையவர்கள் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கேட்பதால் எண்ணம் வருவதில்லை, பேச வழி கிடைக்கிறது. தற்கொலை முயற்சி இங்கே 2020 ஜனவரி முதல் குற்றமில்லை. உங்கள் மலேசியாவிலும் 2023ல் அந்தச் சட்டப் பிரிவை எடுத்துவிட்டார்கள். உன் ஆட்களிடம் இதைச் சொல்லிவை, பழைய பயம் சிலருக்கு இன்னும் இருக்கும்.

சட்டம் என்றதும் இன்னொன்று. இங்குள்ள சிறார், இளையர் சட்டத்தின் வயதுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. இங்கே 14 வயதுக்குக் கீழே இருந்தால் பிள்ளை, 14லிருந்து 18க்குக் கீழே இளையர். 2019ல் சட்டத்தைத் திருத்துவதற்கு முன்னால் 16க்குக் கீழே இருந்தவர்களுக்குத்தான் பாதுகாப்பு. உங்கள் 2001 சிறார் சட்டத்தில் 18க்குக் கீழே எல்லாரும் பிள்ளைதான்.

அப்புறம் இந்த ‘அண்ணே’ விவகாரம். எந்தப் பட்டியலிலும் இது இல்லை. எல்லை வகுத்துக்கொள், தள்ளி நில் என்று பயிற்சியில் சொல்கிறார்கள். நம் பிள்ளைகளோ முதல் நாளே அண்ணே, அக்கா என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அது நமக்கு வரம். ஆறு மாதம் பழகி வரவேண்டிய நெருக்கம் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. ஆனால் அண்ணன் என்றால் பஸ்ஸுக்குக் காசு கொடுப்பான், ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸ்அப்பில் பதில் போடுவான், அப்பாவோடு சண்டை என்றால் வீட்டு வாசலில் வந்து நிற்பான். என்னிடம் இருந்த ஒரு பையன் இத்தனையும் செய்தான். தங்கமான பையன். எட்டாவது மாதம் ஒரு நாள் வேலைக்கு வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. அவனையே நம்பியிருந்த நாலு பிள்ளைகள் ஒரு மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கூப்பிடட்டும், தடுக்காதே. ஆனால் இரவு ஒன்பதரைக்கு மேல் அண்ணனுக்கு போன் இல்லை, அவசரத்துக்குக் கூப்பிட வேறு எண் இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிடச் சொல். பிள்ளைகள் கோபித்துக்கொள்வதில்லை. நாம்தான் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்படுகிறோம்.

என் சொந்தக் கதை ஒன்று கேள். பல வருஷம் முன்னால், ஒரு தீபாவளி விருந்துக்கு என் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை அழைத்துப் போனேன். புது உடுப்பு, கையில் தாம்பாளம், வாசலில் வரிசை. விருந்தினர் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். திரும்பி வரும்போது எம்ஆர்டி ரயிலில் ஒருவன் கேட்டான்: “அண்ணே, நாம அங்க எதுக்குப் போனோம்?” நான் ஏதோ பண்பாடு, அனுபவம் என்று சொல்லி மழுப்பினேன். பிறகு ஒரு பயிற்சியில் ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளரின் ஏணிப் படத்தைக் காட்டினார்கள். 1992ல் யுனிசெஃப் வெளியிட்டது. பிள்ளைகள் ஒரு காரியத்தில் எவ்வளவு உண்மையாகப் பங்கெடுக்கிறார்கள் என்பதற்கு எட்டுப் படி. கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒத்துக்கொள்வதில்லை. அதில் இரண்டாவது படியின் பெயர் அலங்காரம். தாம்பாளத்தோடு நின்ற பன்னிரண்டு பேரும் என் கண்முன் வந்தார்கள். அந்த ஒரு பயிற்சிக்குக் கொடுத்த காசு தகும்.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 மே மாதம் நாற்பது வயதைத் தாண்டிய எங்களுக்கெல்லாம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கப் பயிற்சிக் கணக்கில் 4,000 வெள்ளி போட்டார்கள். கேக் அலங்காரம் படியுங்களேன் என்கிறாள் வீட்டுக்காரி. பொழுதுபோக்குக்கு அந்தப் பணம் செல்லாது, வேலைக்கு உதவும் என்று அவர்கள் தேர்ந்தெடுத்த பயிற்சிக்குத்தான் என்று சொல்லித் தப்பித்தேன்.

பயிற்சியைவிட நான் பெரிதாக நினைப்பது வேறு. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு ஊழியரோடும் ஒரு மணி நேரம். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எவ்வளவு செலவு என்ற பேச்சே கிடையாது. “இந்த ரெண்டு வாரத்துல எந்தப் பிள்ளை உன் மனசுல நிக்குது, ஏன்?” என்று மட்டும் கேட்பேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் எனக்குக் கஷ்டம், என்னைத்தான் உனக்குத் தெரியுமே! கேரம் சம்பவத்துக்கு முன்னாலும் இந்த ஏற்பாடு இருந்தது, காகிதத்தில். ஏதாவது வேலை வந்தால் முதலில் தள்ளிப்போடுவது இந்த ஒரு மணி நேரத்தைத்தான். இப்போது தள்ளிப்போடுவதில்லை. அந்தப் பெண் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். போன சனிக்கிழமை புதிதாக வந்த பையனுக்கு எதிர் நாற்காலியில் அவரே உட்கார்ந்து, பிள்ளையாக நடித்து, அவனைத் திணறடித்தார்.

ஆகஸ்டு கடைசியில் இரண்டு நாள் ஈப்போ வரலாம் என்று பார்க்கிறேன். உன் ஆறு பேரில் எத்தனை பேர் பகலில் வேலைக்குப் போகிறார்கள் என்று எழுது, சனிக்கிழமையா ஞாயிறா என்று அதை வைத்து முடிவு செய்யலாம். திரை, மைக் எதுவும் ஏற்பாடு செய்யாதே. நாற்காலி இரண்டு போதும். வெள்ளைக் காப்பி மட்டும் உன் செலவு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்