இராமபாணப் பூச்சி தின்ற கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1974-இல் எங்களுக்கு நடந்தது சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, கோயில் ரசீது இல்லை. 1968 முதல் அம்முறை சட்டப்படி செல்லும் என்றாலும், "எழுத்தில் இருக்கட்டும்" என்று என் கணவர் மறுவாரமே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தார். அந்தச் சான்றிதழ், 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் ஓட்டைப் பிரித்துப் போட்ட இரவில் டிரங்குப் பெட்டியோடு நனைந்து கூழாகிவிட்டது.

சென்ற ஆண்டு அவர் காலமானார். ஓய்வூதிய ஆணையில் என் பெயர் ஓரெழுத்து மாறியிருப்பதால், குடும்ப ஓய்வூதியத்துக்குத் திருமணச் சான்று கேட்டார்கள். பதிவு செய்த அலுவலகத்துக்கு நான்கு முறை அலைந்தேன். "பதிவு எண் தெரியுமா அம்மா?" என்பதே முதல் கேள்வி. எண் இருந்தது சான்றிதழில்தானே! பெயரைக் கொண்டு தேட அந்த ஆண்டுக்கு அட்டவணை இல்லையாம். பழைய பதிவேடுகள் ஈரம் கசியும் சுவரை ஒட்டிக் கயிறு கட்டிக் கிடந்தன. இளம் உதவியாளர் ஒருவர் மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டி எடுத்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் சாய்ந்த கையெழுத்தையும் பெரியம்மாவின் கைநாட்டையும் ஐம்பது ஆண்டு கழித்துப் பார்த்தேன். என் கணவரின் கையெழுத்தில் பாதியை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது.

நிலத்துக்கு வில்லங்கம் பார்ப்பதென்றால் இன்று வீட்டிலிருந்தே கணினியில் பார்த்துவிடலாம். மனைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மனைவிக்குக் கிடைக்கக் கூடாதா?

இந்து திருமணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, திருமணப் பதிவேட்டைப் பார்வையிடலாம், கட்டணம் செலுத்தினால் சான்றிட்ட நகல் பெறலாம், அது சாட்சியமாகவும் செல்லும் என்கிறது. பக்கமே பொடிந்துபோனால் எதற்கு நகல் எடுப்பது? பதிவைக் கட்டாயமாக்கிய 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், 90 நாளுக்குள் பதியுங்கள், தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் என்று எங்களுக்குக் கெடு வைக்கிறது. பதிந்ததைக் காக்க அலுவலகத்துக்கு யார் கெடு வைப்பது?

பழைய பதிவேடுகளை ஒளிநகல் எடுத்து, கணவன், மனைவி இருவர் பெயரிலும் அட்டவணை போட வேண்டும். அதற்கு நாளாகும் என்றால், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அந்தச் சுவரோரக் கட்டுகளை இரும்பு பீரோவுக்காவது மாற்றுங்கள்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருத்துறைப்பூண்டி