மினார்ஸ்கி நினைவு மாலைக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

ஜூன் 13ஆம் திகதி எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து நடத்திய, இரண்டாம் உலகப் போரில் இறந்த கனடிய விமானப்படை வீரர் அன்ட்ரூ மினார்ஸ்கியின் நினைவு மாலை நல்லபடியாக முடிந்தது. மண்டபம் தந்தவர்கள், கதிரை அடுக்கியவர்கள், பற்றிஸும் ரோல்ஸும் சுட்டு வந்த அம்மாமார், ஒலிவாங்கி சண்டித்தனம் செய்தபோது ஓடிப்போய் வேறொன்று கொண்டுவந்த தம்பி, எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி.

வர முடியாதவர்களுக்காக அவர் கதையைச் சொல்லிவிடுகிறேன். மினார்ஸ்கி 1916இல் வின்னிபெக்கில் பிறந்தவர். போலந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தகப்பன் வேளைக்கே இறந்துபோக, தோல் வேலைக்குப் போய் வீட்டுக்கு உழைத்த பொடியன். 1941இல் கனடிய விமானப்படையில் சேர்ந்தார். 419ஆவது படையணியின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்றில், விமானத்தின் முதுகில் இருக்கும் கூண்டில் துப்பாக்கி வீரர். 1944 ஜூன் 12 இரவு புறப்பட்டார்கள். நோர்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கி அப்போது ஒரு கிழமைகூட ஆகவில்லை. ஜேர்மன் படைக்கு ஆளும் ஆயுதமும் ரயிலில் போய்ச் சேராமல் தடுக்க, வட பிரான்சின் கம்ப்ரே ரயில் நிலையத்தில் குண்டு போடுவதுதான் வேலை. நள்ளிரவு தாண்டியபின் ஜேர்மன் சண்டை விமானம் ஒன்று இவர்களைத் தாக்கியது. இடது பக்க இயந்திரங்கள் இரண்டும் போயின. உள்ளே தீ. எல்லோரையும் குதிக்கச் சொன்னார் விமானி.

வால் கூண்டில் இருந்தவர் பாட் புரோஃபி. இயந்திரம் நின்றதும் அவருடைய கூண்டும் சுழலாமல் இறுகிவிட்டது. கையால் சுழற்றும் பிடியும் உடைந்துவிட்டது. மினார்ஸ்கி கதவடிக்கு வந்துவிட்டார், பரசூட்டும் பூட்டியாயிற்று. குதிக்கப்போகிற நேரத்தில்தான் புரோஃபி சிக்கியிருப்பதைக் கண்டார். தீக்குள்ளால் போய்க் கோடரியால் கொத்தினார், வெறுங்கையால் பிடித்து இழுத்தார். இடுப்புவரை உடுப்பு எரிந்தது. இனிச் சரிவராது, நீ போ என்று புரோஃபி கை காட்டிவிட்டார். மினார்ஸ்கி பின்வாங்கிக் கதவடிக்கு வந்து, நிமிர்ந்து நின்று சலூட் அடித்துவிட்டுக் குதித்தார். பரசூட்டிலும் தீப்பிடித்திருந்தது. கீழே பிரெஞ்சுக்காரர்கள் கண்டெடுத்தார்கள். தீக்காயத்தால் இறந்துபோனார், வயது 27. புரோஃபியோ, விமானம் விழுந்து நொறுங்கியபோது தூக்கி எறியப்பட்டு உயிர்தப்பினார்! ஏழு பேரில் இறந்தது மினார்ஸ்கி மட்டும்தான். புரோஃபி திரும்பி வந்து சொன்னதால்தான் நடந்தது வெளியே தெரிந்தது. 1946இல், போர்க்கள வீரத்துக்கான அதியுயர் விருதான விக்டோரியா சிலுவையை அவருக்குக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டவர் தாய்.

இதைப் பிள்ளைகளுக்கு விளங்கவைத்த பெருமை முழுக்க எங்கள் ஓய்வுபெற்ற பொறியியலாளர் அண்ணாவையே சேரும். மண்டபத்துக் கார் தரிப்பிடத்தில் சோக்கால் லங்காஸ்டரை உண்மையான அளவில் கீறிக் காட்டினார். நீளம் 21 மீற்றர். இறக்கை 31 மீற்றர் வரவேண்டும், ஆனால் இடது இறக்கை குப்பைத்தொட்டிகளில் முட்டி நின்றுவிட்டது. முதுகுக் கூண்டு, கதவு, வால் கூண்டு மூன்றையும் குறித்துவிட்டு, முழங்காலில் போகச் சொன்னார். கத்திக் கும்மாளமடித்த பொடியள் பாதி வழியில் அடங்கிவிட்டார்கள். நான் ஒரு மணித்தியாலம் பேசியிருந்தாலும் அது நடந்திராது.

ஹமில்டன் விமான நூதனசாலையில் பிள்ளைகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன தொண்டர்களுக்கும் நன்றி. இன்றைக்கும் பறக்கக்கூடிய லங்காஸ்டர் உலகில் இரண்டுதான். அதில் ஒன்று அங்கே, மினார்ஸ்கியின் விமானத்துக்குரிய அதே அடையாள எழுத்துகளோடு நிற்கிறது.

எல்லோருக்கும் மேலாக நன்றி சொல்ல வேண்டியவர் ஒரு மாமி. பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, “குண்டு போட வந்தவனுக்கோ விளக்குக் கொளுத்தப்போறியள்?” என்று நேரே கேட்டவர் அவர்தான். யாழ்ப்பாணத்தில் பொம்மர் சத்தம் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கியவர் அப்படித்தானே கேட்பார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தப் போரில் பிரித்தானியக் குண்டுவீச்சு விமானப்படைப் பிரிவு முழுவதிலும் இறந்தவர்கள் 55,573 பேர், அவர்களில் ஏறக்குறையப் பத்தாயிரம் பேர் கனடியர்கள். நேச நாட்டுக் குண்டுகளில் பிரான்சில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள், அதுவும் விடுவிக்கப்படவேண்டிய மக்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையில்லை என்பது என் எண்ணம். 2012இல் லண்டனில் திறந்த நினைவுச் சின்னத்திலும், குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டவரையும் நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே நாங்களும் இரண்டு விளக்கு வைத்தோம். கம்ப்ரேயில் கீழே இருந்தவர்களுக்கான விளக்கை மாமியே கொளுத்தினார். பிறகு மினார்ஸ்கியின் படத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். “தாய்க்காரி பாவம்” என்றார். அவ்வளவுதான், தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

சரி, கடைசியாக ஒரு விசயம். பிள்ளைகள் கீறிய படங்கள் மாத முடிவுவரை வகுப்பறைச் சுவரில் இருக்கும், வந்து பாருங்கள். சில்வர் தட்டங்கள் சிலவும் நீல மூடி போட்ட பெட்டியொன்றும் குசினியில் கிடக்கின்றன. உரியவர்கள் அடுத்த வகுப்புக்கு வரும்போது எடுத்துச் செல்லவும்.

அன்புடன்,
ஏற்பாட்டுக் குழுவின் சார்பில்