ஃப்ரேனெலி வாங்கப் போகிற மகளுக்கு

அன்பு மகளுக்கு,

சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஃப்ரேனெலி என்கிற பழைய சுவிஸ் தங்கக் காசு சேர்க்கப் போகிறாய் என்று கேட்டதும் அப்பாவுக்குப் பெரிய சந்தோசம். ஆனால் நீ அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

1935ஆம் ஆண்டுக் காசு, அபூர்வமானது, அதனால் விலை கூட என்று விற்பவர் சொல்கிறார், அல்லவா? படத்தைப் பெரிதாக்கி ஆண்டுக்கு முன்னால் பார். சின்னதாக ‘எல்’ எழுத்து இருக்கிறது. அந்த எழுத்து உள்ளவை 1945 முதல் 1947 வரை, பழைய ஆண்டையே போட்டு அடித்தவை. இரண்டு கோடிக்கும் மேல் இருக்கின்றன. அந்த எழுத்து இல்லாத 1935 மட்டும்தான் குறைவு, 1,75,000. அவர் கேட்கிற விலையைக் கொடுக்காதே பிள்ளை.

இந்த 20 பிராங் காசு 1897இல் தொடங்கி 1949உடன் நின்றுவிட்டது. இனி வராது என்பதாலேயே விலை ஏறும் என்று நினைக்காதே. மொத்தம் ஐந்து கோடிக்கும் மேல் அடித்திருக்கிறார்கள். அதனால் சாதாரண ஆண்டுக் காசின் விலை தங்கத்தின் விலையை ஒட்டியே போகும். சேமிப்புக்கு அதுதான் நல்லது. எடை 6.45 கிராம், பத்தில் ஒன்பது பங்கு தங்கம். சுத்தத் தங்கம் 5.8 கிராம். பவுனுக்கு 8 கிராம் என்கிற நம்முடைய கணக்கில் முக்கால் பவுனுக்குச் சற்றுக் குறைவு. அம்மா நகையாக வாங்கச் சொல்லுவா. போட்டு அழகு பார்க்க வாங்கு, அதில் தப்பில்லை. ஆனால் விற்கும்போது செய்கூலி திரும்பி வராது. காசில் அந்த நட்டம் குறைவு.

அன்றைய தங்க விலை என்ன, காசுக்கு எவ்வளவு கூடக் கேட்கிறார்கள், திரும்பக் கொடுத்தால் எவ்வளவு தருவார்கள்: இந்த மூன்றையும் வாங்குமுன் கேள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பார். விட்டம் 21 மில்லிமீட்டர். விளிம்பில் 22 நட்சத்திரங்கள் மேலெழுந்து நிற்கும், அன்றைய 22 சுவிஸ் மாநிலங்களுக்கு. 1947, 1949 காசுகளில் மட்டும் நட்சத்திரங்களுக்குப் பதில் லத்தீன் எழுத்து. வாங்கியதைத் தேய்த்துப் பளபளப்பாக்காதே, சேகரிப்பவர்கள் அதை விரும்பமாட்டார்கள்.

எல்லாப் பணத்தையும் இதில் போடாதே. தங்கம் வட்டி தராது. 1980இல் உச்சத்தில் வாங்கியவர்கள் இருபது வருடம் கழித்தும் நட்டத்தில்தான் இருந்தார்கள். வரிப் படிவத்தில் சொத்தாகக் காட்டவும் மறக்காதே.

அபூர்வக் காசு ஆசை இருந்தால் அதைத் தனியாக வை. 1926ஆம் ஆண்டுக் காசு 50,000தான். 1925இல் அடித்த 100 பிராங் காசு 5,000 மட்டுமே. அவற்றைப் பார்க்க எனக்கும் ஆசைதான். லாண்ட்ரி என்கிற கலைஞர் செதுக்கிய அந்தப் பின்னல் போட்ட பெண், பின்னால் ஆல்ப்ஸ் மலை, எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காது. ஆனால் அந்த விலை தங்கத்தின் விலை இல்லை. நாளைக்கு அதை விரும்புகிற இன்னொருவர் கிடைத்தால்தான் கொடுத்த பணம் திரும்பி வரும். அதனால் சேமிப்புப் பணத்தில் கை வைக்காமல், உன் செலவுப் பணத்தில் வாங்கு.

முதல் காசுக்கு 1947 அல்லது 1949 பார். வாங்குமுன் இரண்டு பக்கமும் விளிம்பும் தெரிய எனக்குப் படம் அனுப்பு.

அன்புடன்
அப்பா