ஆறாம் நம்பர் மிஷின்

கோவை
சனிக்கிழமை இரவு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஓசூரில் பதினான்கு பேரைக் கொடுத்து உன்னை ஷிப்ட் இன்சார்ஜ் ஆக்கியதில் சந்தோஷம். ஆனால் "ஆளுங்கள எப்படிடா மேய்க்கறது?" என்று என்னிடம் போய்க் கேட்டாயே, அதற்குத்தான் சிரித்தேன். போன மாதம் நான் பட்டதைச் சொல்கிறேன், கேள்.

நாங்கள் ஓட்டுகிற ஜாப் அலுமினிய மோட்டார் எண்ட் கவர், மோட்டாரின் பக்க மூடி. அதில் 6206 பேரிங் உட்காரும் துளை, அதாவது போர், 62 மில்லி விட்டம், எச்7 டாலரன்ஸ். மேலே 30 மைக்ரான் (மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) வரை போகலாம், கீழே ஒரு மைக்ரான்கூட இறங்கக் கூடாது. மூன்று வாரமாக ஆறாம் நம்பர் மிஷினில், அதுவும் இரண்டாம் ஷிப்டில் ஓட்டியது மட்டும் ரிஜெக்ட் ஆனது. ஷிப்ட் பையன் 62.015 என்று எழுதியிருப்பான். மறுநாள் காலை குவாலிட்டி ரூமில் அதே பீஸ் 61.994 காட்டும்.

பையன் அளக்காமலே எழுதுகிறான் என்று முடிவு கட்டி, எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவன் வாய் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து அதே 62.015, இன்னும் அழகான கையெழுத்தில்.

வேறு வழியில்லாமல் ஒரு நாள் மத்தியானம் மிஷின் பக்கத்திலேயே போய் நின்றேன். டொயோட்டாவில் தைச்சி ஓனோ என்ற இன்ஜினியர் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதற்குள்ளேயே ஆளை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்வாராமே, அந்த மாதிரி. முதல் அரை மணி நேரம் எல்லாரும் விறைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். அப்புறம் என்னை மறந்துவிட்டார்கள். பக்கத்து மிஷின் அண்ணன் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "சார், ஜாப்பைத் தொட்டுப் பாருங்க" என்றார்.

டீ கிளாஸ் மாதிரி சுட்டது.

வெட்டும்போது சூட்டைத் தணிக்கிற கூலன்ட் இருக்கும் டேங்கைத் திறந்தால் பாதிக்கும் கீழே. இருக்கிற கொஞ்சமே சுற்றிச் சுற்றி ஓடிச் சூடேறியிருக்கிறது. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறக்குறைய 23 மைக்ரான் விரியும். 62 மில்லிக்கு 15 டிகிரி சூடு என்றால் 21 மைக்ரான். ஆறினால் அத்தனையும் சுருங்கிவிடும். அளவுக்கெல்லாம் 20 டிகிரிதான் கணக்கு என்று பாலிடெக்னிக்கில் நீயும் நானும் பரீட்சையில் எழுதியதுதான். பையன் ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறான்.

"எத்தனை நாளா தெரியும்ண்ணா?" என்றேன். "ஆரம்பத்துலேயே தெரியும் சார். கத்திட்டு இருந்தீங்க, எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தினமும் டேங்க் நிரப்பியவன் எங்கள் ஹெல்ப்பர். அவனைப் பேக்கிங்குக்கு மாற்றியது நான்தான். அவன் பார்த்த வேலையை யார் பார்ப்பது என்று நானும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ஆஃப்செட்டில், அதாவது மிஷினில் டூலுக்குக் கொடுக்கிற அளவுத் திருத்தத்தில், 20 மைக்ரான் ஏற்றிவிடலாம் என்று முதலாளி சொன்னார். மறுத்துவிட்டேன். காலையில் மிஷின் குளிர்ந்திருக்கும்போது போர் லூஸாகிவிடும். இப்போது ஷிப்ட் மாறும்போதே டேங்க் நிரப்புகிறார்கள். பீஸை இருபது நிமிடம் ஆறவிட்டு அளக்கிறார்கள். நேரம் போகிறது என்ற முணுமுணுப்பு இருக்கத்தான் செய்கிறது.

எல்லார் முன்னாலும் திட்டியதால் எல்லார் முன்னாலும்தான் அந்தப் பையனிடம் வருத்தம் தெரிவித்தேன். "சரிங்க சார்" என்றதோடு சரி. ஆனால் போன செவ்வாய்க்கிழமை அவனாகவே வந்து, "இன்சர்ட் சத்தம் மாறுதுங்க" என்றான். பார்த்தேன், டூலில் வெட்டுகிற அந்தச் சின்னத் துண்டின் முனை நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் அடுத்த முனையைத் திருப்பிப் போடச் சொன்னேன். இதில் நீ என்ன செய்திருப்பாய்?

உங்கள் ஊரில் கூலன்ட் பதம் பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர் நல்லதாகக் கிடைத்தால் விலை கேட்டு எழுது. இங்கே ஒன்று வாங்கினேன், அதில் கோடே தெரியவில்லை. அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

உன்
மாப்ளே