கிராஞ்சித் தொண்டூழியர்களுக்கு, அம்மா சார்பிலும் என் சார்பிலும்

சிங்கப்பூர் கிராஞ்சி போர் நினைவிடத்தில், இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்களின் கல்லறைகளையும் பெயர்களையும் தேடித் தேடிப் பதிவுசெய்யும் அன்பர்களுக்கு,

அம்மா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். காப்பியில் சர்க்கரை பத்தவில்லை என்று காலையிலேயே சண்டை போட்டார். அதைக் கேட்கவே நிம்மதியாக இருந்தது. பட்ட பாடெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி எழுதவில்லை. மனசு ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

தாத்தா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சேப்பர்ஸ் படையில் சேர்ந்து மலாயாவுக்கு வந்தவர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர்களிடம் வீழ்ந்தது. அதற்கப்புறம் ஊருக்குக் கடிதமே வரவில்லை. அம்மா அப்போது கைக்குழந்தை. அப்பா முகத்தைப் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. கல்யாணமாகி இதே தீவுக்கு வந்து இத்தனை காலம் வாழ்ந்தும், அவர் பெயர் கிராஞ்சியில் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாமலே இருந்தது. கல்லறை கிடைக்காதவர்களின் பெயர்கள் மட்டுமே அங்கே தூண்களில் 24,000க்கும் மேல். எந்தத் தூணில், எந்த உயரத்தில் என்று தேடுவது?

பாட்டியின் பழைய பென்ஷன் காகிதத்தில் இருந்த படை எண்ணை வைத்து நீங்கள் கண்டுபிடித்தீர்கள். இந்து வீரர் என்பதால், தகனம் செய்யப்பட்டவர்களுக்காகப் பின்னால் இருக்கும் நினைவுச் சின்னத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தீர்கள். வெட்டெழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்று, வெயில் சாய்வாக விழும் காலை நேரமாகப் பார்த்துப் படமெடுத்தீர்கள்.

ஆனால் படம் வந்தபோது அம்மாவுக்குக் கண் தெரியவில்லை.

பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்ட அந்த அண்ணனுக்குத்தான் இந்த மடலில் பாதி. யாரும் கேட்காமலே அவர் ஒரு குரல் பதிவு அனுப்பினார். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் தாத்தாவைப் பற்றி இருந்த ஒரே ஒரு வரியைத் தமிழில் நிதானமாகச் சொல்லியிருந்தார்: இன்னார் மகன், இன்னார் கணவர், இன்ன கிராமம், தஞ்சாவூர் ஜில்லா. "எங்கம்மா பேரு அங்க இருக்கா?" என்று அம்மா படுக்கையிலிருந்து எழப் பார்த்தார். திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். அப்புறம், "பக்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்டார்.

தயங்கித் தயங்கித்தான் இந்தக் கேள்வியை அண்ணனுக்கு அனுப்பினேன். மறுநாளே அவர் அந்தத் தூணுக்கு முன்னால் போய் நின்று, மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயரையும் வாசித்து அனுப்பினார். பின்னால் பறவைச் சத்தம், உட்லண்ட்ஸ் சாலையில் போகும் லாரிச் சத்தம். படைப்பிரிவு, அதற்குள் பதவி, அதற்குள் அகரவரிசை என்று செதுக்கியிருப்பதால் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் தாத்தாவின் படைக்காரர்கள்தான் என்று விளக்கமும் சொல்லியிருந்தார். ஒரு பெயரை வாசிக்கும்போது உச்சரிப்பு சரியில்லை என்று தோன்றியிருக்கிறது. நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து வாசித்தார். இப்போது அம்மாவுக்கு அந்த வரிசை மனப்பாடம். மருந்து கொடுக்க வந்த தாதியிடமும் ஒப்பித்துக் காட்டினார். "தனியா இல்ல" என்று ஒரு தடவை சொன்னார். யாரைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

வண்டி அனுப்பியவர்கள், ராத்திரி துணைக்கு இருந்தவர்கள், சோறு கொண்டுவந்த பக்கத்து புளோக் ஆன்ட்டி, அந்த வார்டின் தாதியர் எல்லோருக்கும் என் கும்பிடு.

ஆஸ்பத்திரியில் விழித்திருந்த இரவுகளில் ஒன்று மனசைக் குடைந்துகொண்டே இருந்தது. தாத்தாவுக்கு ஒரு தூணாவது கிடைத்தது. ஜப்பானியர்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோய்ச் சாகவிட்ட பல்லாயிரம் தமிழர்களுக்கு, தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிச் சிப்பாய்களுக்கு இருப்பதுபோல் ஆளுக்கொரு பெயர்க்கல் இல்லை. அவர்கள் பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? பெயர் இருக்கும் இடத்திலாவது ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது என்று நீங்கள் ஏன் இப்படி வெயிலில் நிற்கிறீர்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அண்ணே, ஒரு முடிவு எடுத்துவிட்டேன். தமிழ்ப் பெயர்களை வாசித்துப் பதிவுசெய்யும் வேலையை இனி எனக்கும் கொடுங்கள். ஊரில் இருக்கும் குடும்பங்களுக்கு அனுப்புகிற பொறுப்பும் என்னுடையது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள தங்கை ஒத்துக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமை காலை வருகிறேன், எந்தத் தூணிலிருந்து தொடங்குவது என்று மட்டும் சொல்லுங்கள்.