பிரதம அதிதிக்குப் பின் எங்களுக்கும் பத்து நிமிடம்: ஒரு திறந்த மடல்

மலைநாட்டு ட்ரையத்லன் போட்டியின் மதிப்புக்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த உங்கள் கடந்த மாசி மாதப் போட்டியில் நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி நான் எழுதிய இரண்டு கடிதங்கள் உங்களிடம் இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் வராதபடியால் மூன்றாவதை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: ஆரம்ப விசிலுக்கு முன், கயிறு கட்டிப் பிரித்த ஆழமில்லாத ஓரத்தில், போட்டியாளர்களைப் பத்து நிமிடம் நீரில் இறங்க விடுங்கள்.

நான் திருகோணமலை உப்புவெளியில், புதிதாக வருபவர்களுக்குக் கடல் நீச்சல் பழக்குகிறவன். எங்கள் கடல் 28 பாகை செல்சியஸ் அளவில் இருப்பது. வாடைக் காற்று வீசும் கார்த்திகையிலிருந்து தை வரை கடல் கொந்தளிப்பதால், நாங்கள் அதில் இறங்குவதும் குறைவு. அப்படிப் பழகிய ஐந்து பிள்ளைகளை இரவு பஸ்ஸில், கண்டியில் மாறி, உங்கள் நீர்த்தேக்கத்துக்கு அழைத்து வந்தேன். காலை ஆறு மணிக்கு என் வெப்பமானியை நீரில் விட்டுப் பார்த்தேன். 17 பாகை காட்டியது. உங்கள் அறிவிப்புப் பலகையில் பாதையின் வரைபடமும் அனுசரணையாளர்களின் படங்களும் இருந்தன. நீரின் வெப்பநிலை இல்லை.

நீச்சல் ஆறரைக்கு என்று சொல்லப்பட்டது. ஆறரைக்கு விளக்கேற்றினீர்கள். பிறகு மாலை, பிறகு பிரதம அதிதியின் உரை. இளைஞர்களின் உடல்நலம் நாட்டின் செல்வம் என்று அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசிய நாற்பது நிமிடமும், அந்தச் செல்வம் நீச்சல் உடையோடு கரையில் வரிசையாக நின்று நடுங்கியது. அந்த நேரத்திலாவது பிள்ளைகள் முகத்தையும் கழுத்தையும் நனைத்துக்கொள்ளட்டும் என்று உங்கள் அலுவலர் ஒருவரிடம் கேட்டேன். நிகழ்ச்சி பிந்திவிடும் என்றார்.

என்னோடு வந்த தம்பி ஒருவன் திருக்கடலூரைச் சேர்ந்தவன். வள்ளத்திலிருந்து குதித்து, இயந்திரத்தில் சுற்றிய வலையை மூச்சடக்கி அறுத்தெடுக்கிறவன். விசில் ஊதியதும் மற்றவர்களோடு பாய்ந்து முகத்தை நீருக்குள் வைத்தான். வைத்த கணத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது. ஒரு வாய் தண்ணீரை விழுங்கினான். அதன் பின் மூச்சு அவன் வசத்தில் இல்லை. தலையை மேலே தூக்கி, கைகளால் நீரை அடித்துக்கொண்டு, ஐம்பது மீற்றர் தள்ளியிருந்த முதல் செம்மஞ்சள் மிதவையை எட்டிப் பிடித்தான். இழுத்து இழுத்து அவன் மூச்சு வாங்கிய சத்தம் கரையில் நின்ற எனக்குக் கேட்டது.

இதைப் பயம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. குளிரில் முதன்முதலாக நீந்துகிறவரே அப்படித்தான் எண்ணுவார். உண்மையில் இது தோல் செய்கிற வேலை. தோல் சட்டென்று குளிர்ந்தால் மூச்சு திடுக்கென உள்ளே இழுபடும், பிறகு நிற்காமல் அடிக்கும், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகவே தணிந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவன் என்பதற்காக அது யாரையும் விட்டுவைப்பதில்லை.

தம்பிக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டு நிமிடந்தான். மிதவையைப் பிடித்தபடி அவன் மூச்சை நீட்டி விடத் தொடங்கியிருந்தான். அந்த நேரத்தில் உங்கள் ரப்பர் படகு வந்து, மிதவையைத் தொட்டது குற்றம் என்று சொல்லி அவனைக் கையில் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டது. மிதவையையோ நிற்கும் படகையோ பிடித்து இளைப்பாறலாம், அதை வைத்து முன்னேறத்தான் கூடாது என்பது உலக ட்ரையத்லன் விதி. அதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டிய நிலை வந்ததற்கு வருந்துகிறேன். அதோடு நின்றிருக்கலாம். திருகோணமலையில் கடல் வற்றிவிட்டதோ என்று ஒலிபெருக்கியில் ஒரு பகிடியும் விடப்பட்டது. அவன் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை நடந்தான்.

16 பாகைக்குக் கீழே போனால்தான் வெட்சூட், அதாவது குளிரைத் தாங்கும் ரப்பர் நீச்சல் உடை, கட்டாயம், ஆகவே 17 பாகையில் எல்லாம் விதிப்படியே நடந்தது என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்த எல்லை உடல் விறைத்துப் போகாமல் காக்கும். முதல் நிமிடத்தை அது பார்த்துக்கொள்ளாது. வெட்சூட் என்ற சாமான் எங்கள் ஊரில் நீச்சல்காரர் எவரிடமும் இல்லை என்பது வேறு கதை. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரையான ட்ரையத்லன் போட்டிகளின் மரணங்களையும் இதயம் நின்றுபோன சம்பவங்களையும் எண்ணிப் பார்த்த ஆய்வில், 135 சம்பவங்களில் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. அத்தனைக்கும் குளிர்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று பகுதிகளில் மிகக் குறுகியதற்கு மிகக் குறைந்த ஆயத்தத்தோடு ஆட்களை அனுப்புவது சரியா என்றுதான் கேட்கிறேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. இடுப்பளவில் நின்று முகத்திலும் பிடரியிலும் நீரை அள்ளி அடிப்பார்கள். மூச்சு அடங்கும்வரை மிதப்பார்கள். முகத்தை உள்ளே வைத்துக் குமிழி விடுவார்கள். இருபது முப்பது கைவீச்சு நீந்திவிட்டு வருவார்கள். வந்த பின் காற்றில் நெடுநேரம் நிறுத்தாமல் விசிலை ஊதினால் போதும். எங்கள் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. அங்கே கூட முதல் வாளியை யாரும் தலையில் கவிழ்ப்பதில்லை. விரலால் தொட்டு, காலில் ஊற்றிப் பார்த்த பிறகுதான் தலைக்குப் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போட்டிக் கையேடு ஆங்கிலத்தில் மட்டும் வருகிறது. முதல் நாள் நீரில் பழகிப் பார்க்கும் வசதி விடுதியில் அறை எடுத்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிறது. இரவு பஸ்ஸில் வருகிறவன் நேரே குளிருக்குள் பாய வேண்டும். நாட்டுக்கே பொதுவான போட்டி என்று பதாகையில் எழுதியிருந்ததால் இதைக் குறிப்பிடுகிறேன். கோபத்தில் எழுதுவதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது பத்து நிமிடந்தான்.

எங்கள் பங்கையும் நாங்கள் செய்கிறோம். குளிர்நீரில் ஐந்தாறு தடவை, தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் இருந்து பழகினால் அந்த முதல் அதிர்ச்சி பெருமளவு குறையும். ஆகவே மீன் வாடியில் ஐஸ் வாங்கி நீலப் பீப்பாயில் கொட்டி, வெப்பமானி 16 பாகைக்கு இறங்கியதும் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கழுத்தளவு உட்கார வைக்கிறேன். பக்கத்தில் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்பார். முதல் நாள் தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் எழும்பிவிட்டான். நான்காம் நாள் உள்ளே இருந்தபடியே ஐஸில் மீன் வாடை அடிக்கிறது என்று முறையிட்டான்.

அடுத்த போட்டியில் வெப்பநிலையைப் பலகையில் எழுதும்படியும், படகில் இருப்பவர்களுக்கு மிதவை விதியைச் சொல்லிவைக்கும்படியும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆரம்பத்துக்கு முன் அந்தப் பத்து நிமிடத்தைத் தரும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உரைகளைக் குறைக்கச் சொல்லவில்லை. அவை நடக்கும்போதே நாங்கள் நீரில் நிற்கலாம்.

தம்பி அடுத்த வருடப் போட்டிக்கும் பெயர் கொடுத்துவிட்டான். பதிலைத் தமிழில் அனுப்பினால் அவனே வாசித்துக்கொள்வான்.

இப்படிக்கு,
உப்புவெளியில் நீச்சல் பழக்கும் ஒருவன்